நட்டு பார்த்தியா?

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், அடையாள அட்டை எண், பயின்ற பள்ளி, எஸ்.டி.பி.எம். தேர்ச்சி என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்த என் பேனா, 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த நண்பன் 'ஆசிரியர்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் சற்று நேரம் யோசித்து, 'வாகனத் தொழில்நுட்பர்' என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. என் அப்பா பீடோரில், பழைய சாலையோரம், ஒரு சீனருடைய டயர் கடையில் லோரிகளுக்கு டயர் கழற்றி மாட்டும் வேலையில் இருந்தார். இது நடந்தது 2003ஆம் ஆண்டில்.

அந்தப் பாரத்தில் நான் எழுதியதை அப்பா பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து நான் வாய்விட்டுச் சொன்ன இன்னொரு பொய்யை மட்டும் அவர் விடவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன சிமெண்டுத் தரை, ஒரு மூலையில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் காற்று இயந்திரம். சுவரோரம் ஆளுயரத்திற்கு அடுக்கிய டயர்கள். பள்ளி விடுமுறை என்றால் அப்பா என்னையும் அங்கு அழைத்துச் செல்வார். ஒட்டுக்கடையில் வாங்கிய தே ஓ பொட்டலமும் ரொட்டியும் கையில் கிடைக்கும். மற்றபடி வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

அப்பொழுதெல்லாம் பல லோரிகளில் டியூப் வைத்த டயர்கள்தாம். ரிம் ஒரே துண்டாக இருக்காது. வெளியே ஓர் இரும்பு வளையம் போட்டுப் பூட்டியிருப்பார்கள். காற்றடிக்கும்பொழுது அந்த வளையம் சரியாக உட்காராவிட்டால் குண்டு போலத் தெறிக்கும். ஆகவே, அப்பா காற்றடிக்கும் வேளையில் நான் சுவருக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். அது கண்டிப்பான சட்டம். இன்னொரு விந்தையையும் அங்குதான் பார்த்தேன். ஜப்பானிய லோரிகளில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். வலப்பக்கத்தில் எப்படி முறுக்கினால் இறுகுமோ, இடப்பக்கத்தில் அப்படி முறுக்கினால் தளரும். கடைக்குப் புதிதாக வரும் பையன்கள் தம் முழுப் பலத்தையும் போட்டுத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே போய்ச் சொல்லிக் கொடுப்பார்.

புது டயரின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் புள்ளி இருப்பதைக் காட்டியவரும் அவர்தாம். டயரில் எடை குறைந்த இடம் அது. காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடத்தில் ரிம்முக்கு எடை சற்றுக் கூடுதல். எனவே, மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஆறாம் வகுப்போடு தோட்டத் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறிய அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. "பெருசு ஒருத்தரு சொல்லிக் குடுத்தாரு" என்பார், அவ்வளவுதான்.

பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் தலைவிளக்கோடு நிரைக்குப் போய், உளியால் கீறி, மங்கில் பால் சேர்த்தவர். லோரி டயர்களில் கார் டயர்களைவிட இயற்கை ரப்பரின் பங்கு அதிகம் என்பதைப் பின்னாளில் படித்தபொழுது, பாட்டி எடுத்த பால்தான் உலகைச் சுற்றிவிட்டு அப்பாவின் கைக்கு வந்ததோ என்று தோன்றியது. அப்பாவுக்கு அடுத்து வந்தவன் நான். இயந்திரவியல் பொறியியல் மாணவன். லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு அதிர்வியல் ஒரு பாடம். சுழலும் பொருளொன்றில் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் என்ன நேரும் என்பதே முதல் சில வாரங்களின் விரிவுரை. கூடுதல் எடையைச் சுழலும் ஆரத்தால் பெருக்கி, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தாலும் பெருக்கினால் அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை கிடைக்கும். வேகத்தின் வர்க்கம் என்பதுதான் இதில் முக்கியம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. அந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் பார்த்த அன்று, அப்பாவின் கடை என் கண்முன் வந்தது. லோரிக்காரர்கள் வந்து, "அம்பதுல ஒன்னும் இல்லண்ணே, எம்பதுல ஆடுது" என்று சொல்வார்களே, அதற்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

2005ஆம் ஆண்டு பருவ விடுமுறைக்கு ஊர் திரும்பியபொழுது, அந்த விடையைப் பயன்படுத்தும் வாய்ப்பும் வந்தது.

என் தாய்மாமன் லோரி ஓட்டுநர். சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புத் தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகம் வரை செல்வார். போக இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். திரும்பி வர அதே தொலைவு. பெரும்பகுதி வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. இரண்டு வாரங்களுக்கு முன்பு, வழியில் வேறொரு கடையில், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது டயர் போட்டிருந்தார். சில நாள்களில் ஆட்டம் தொடங்கிவிட்டது.

"எழுபதத் தாண்டுனா ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்குதுடா. தொண்ணூறுல பல்லே ஆடுது. ராத்திரி வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சா வெரல் மரத்துக் கெடக்கு. முதுகு சொல்லவே வேணாம்" என்றார் மாமா.

நான் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த அளவு லோரி டயரின் ஆரம் ஏறத்தாழ அரை மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் 250 கிராம் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 18 கிலோ எடைக்கு ஈடான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்கு 8 முறை அந்த இழுப்பு சுற்றி வரும். 45 கிலோமீட்டர் வேகத்தில் அதே 250 கிராம் நாலரை கிலோ அளவுக்குத்தான் இழுக்கும், கைக்குத் தெரியாது. முன்சக்கரம் ஆடினால் ஸ்டீயரிங்கில் தெரியும், பின்சக்கரம் ஆடினால் இருக்கையில் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மாமாவின் முதுகுவலிக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. உட்கார்ந்திருக்கும் மனிதனை மேலும் கீழுமாகக் குலுக்கினால், நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான குலுக்கல்தான் உடலை அதிகம் பாதிக்கிறது. லோரிச் சக்கரம் நெடுஞ்சாலையில் சுற்றுவது ஏறக்குறைய அதே கணக்கில்.

மாமா அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எங்க அக்கா மவன் என்ஜினியருடா" என்று கெலிண்டானிடம் சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் கார் சக்கரங்களைச் சமன்படுத்தும் இயந்திரம் இருந்தது. லோரிச் சக்கரம் அதில் ஏறாது. பெரிய இயந்திரம் வேண்டுமானால் ஈப்போவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் ஓட்டம் கெடும். ஓட்டம் கெட்டால் மாமாவுக்கு அன்றைய கூலி இல்லை. எனவே, இயந்திரம் இல்லாமல் செய்யும் பழைய முறையில் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. அதற்குள் நெடுஞ்சாலையோரம் ஒரு லோரிக்கு டயர் வெடித்துவிட்டது என்று அழைப்பு வந்தது. தவுக்கே அப்பாவை அங்கே அனுப்பினார்.

புறப்படும் முன் அப்பா என்னிடம், "நீயே செய். ஆனா, வண்டி ஆடுதுன்னா டயர்ல கை வைக்கிறது கடைசி. முதல்ல நட்டு, அப்புறம் பேரிங், அப்புறம் ரிம். எல்லாம் சரியா இருந்தாத்தான் ஈயம்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

அந்தப் பழைய முறை மிகவும் எளிமையானது. ஜேக் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். பிரேக் உரசாதபடி தளர்த்த வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். எடை கூடிய பக்கம் எதுவோ, அது கீழே வந்து நிற்கும். அந்த இடத்தில் வெண்கட்டியால் கோடு போட்டு, மறுபடியும் சுற்ற வேண்டும். ஐந்தாறு முறை அதே கோடு கீழே வந்தால், அதற்கு நேர் எதிரே, மேல்பக்கத்தில், ரிம்மின் விளிம்பில் ஈயக்கட்டியைப் பொருத்த வேண்டும். எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே நிற்கும்வரை எடையைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பேரிங்கில் உள்ள கிரீசின் பிடிப்பால் சிறு குறைகள் இதில் தெரியா. அதோடு, சக்கரத்தின் உள்பக்கத்தில் ஓர் இடமும் வெளிப்பக்கத்தில் அதற்கு எதிரிடமும் கனமாக இருந்தால், நிற்கும் சக்கரத்தில் அது சமனாகவே தெரியும். ஓடும்பொழுதுதான் இடமும் வலமுமாக உதறும். அதைக் கண்டுபிடிக்கச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. விரிவுரைக் குறிப்பில் படத்தோடு வரைந்து வைத்திருந்தேன்.

எனக்குத் தெரியாதது, என் கண்முன்னே இருந்தது. இடப்பக்க முன்சக்கரத்தில், எட்டு நட்டுகளில் மூன்று நான்கிலிருந்து, செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் வெளிப்புறமாக ஓடியிருந்தன. மழையில் துரு வடிந்த தடம் போல. வெண்கட்டிக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஈரத் துணி எடுத்து நான்தான் அவற்றைத் துடைத்தேன்.

வலப்பக்கச் சக்கரம் எங்கே நிறுத்தினாலும் நின்றது. இடப்பக்கச் சக்கரம் ஆறு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. 250 கிராம் ஈயம் வைத்த பிறகு அது அசையாமல் நின்றது. கெலிண்டான் கை தட்டினான். அந்த நேரத்தில்தான் கைத்தொலைபேசியில் அப்பா அழைத்தார்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சதுப்பா. இருநூத்தம்பது கிராம் ஏறியிருக்கு."

"அவ்ளோவா? புது டயருக்கு அதிகமா இருக்கே." சற்று நேரம் பேச்சில்லை. லோரிகள் கடந்து போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. "நட்டு பார்த்தியா?"

"பார்த்தேன்பா."

பார்த்தேன் என்பது உண்மைதான். எட்டு நட்டுகளும் அதனதன் இடத்தில் இருந்ததைப் பார்த்தேன். ஸ்பேனர் வைத்துப் பார்க்கவில்லை. அப்பா கேட்டது எதை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

மாமாவும் நானும் நெடுஞ்சாலையில் சுங்கை வரை ஓட்டிப் பார்த்தோம். 80இல் ஆட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. 90இல் கொஞ்சம் இருந்தது. "மிச்சம் ரோட்டோட ஆட்டம் மாமா" என்றேன். மாமா கடைப் பையனுக்கு ஐந்து வெள்ளி கொடுத்தார். எனக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நான்கு நாள்கள் கழித்து, பிற்பகல் மூன்று மணியளவில், அந்த லோரி நெடுஞ்சாலையில் வராமல் பழைய சாலை வழியாக ஊர்ந்து வந்து கடை முன் நின்றது. மாமா இறங்கும்பொழுதே முகம் சரியில்லை.

"மறுபடியும் ஆடுது மாமா. இப்ப அறுபதுலயே ஆடுது. முன்ன விட மோசம். இடப்பக்கம் 'டக் டக்'குனு ஒரு சத்தம் வேற" என்று அப்பாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் மாமா அப்பாவையும், அப்பா மாமாவையும் 'மாமா', 'மாப்பிள்ளை' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

அப்பா ஈயக்கட்டியைப் பார்க்கவே இல்லை. நேராக இடப்பக்கச் சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, முதல் நட்டில் விரல்களை வைத்தார். அது சுழன்றது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கே சுழன்றது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டபொழுது, நட்டோடு சேர்ந்து உடைந்த ஸ்டட்டின் துண்டும் அவர் கையில் வந்தது.

அவர் அதை என்னிடம் நீட்டினார். என்னைத் திட்டவில்லை. "நட்டு பார்த்தியான்னு கேட்டேன்ல" என்றார்.

நான் பேசாமல் நின்றேன்.

"ஸ்பேனர் போட்டுப் பார்த்தியா?"

"இல்லப்பா."

"நட்டுலேருந்து துரு வழிஞ்சிருந்துச்சா?"

"இருந்துச்சு. தொடச்சிட்டேன்."

அப்பா எழுந்து சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றிய பின்புதான் முழுக் கதையும் தெரிந்தது. ரிம்மும் ஹப்பும் ஒட்டி உட்கார வேண்டிய முகத்தில் துருவும் பழைய சாயமும் பொருக்குப் பொருக்காகப் படிந்திருந்தன. புது டயர் போட்டவர்கள் அதைச் சுரண்டாமல் அப்படியே சக்கரத்தை மாட்டி முறுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு அது இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். வண்டி ஓட ஓடப் பொருக்கு நசுங்கித் தூளாகி, முறுக்கின் பிடி விட்டுப் போய்விட்டது. இதற்காகத்தான் சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் வரை ஓடியதும் நட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பார்கள். வழியில் போட்ட டயர். அதற்காக மாமா திரும்பவும் அங்கே போகவில்லை.

அந்த வகைச் சக்கரத்தை நடுவில் பிடித்து நிறுத்துபவை நட்டுகள்தாம். நட்டு தளர்ந்தால் சக்கரம் மையம் விட்டு விலகி உட்கார்ந்துவிடும். அன்று இரவு உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரும் ரிம்மும் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ எடை. அது மையத்திலிருந்து முக்கால் மில்லிமீட்டர் விலகினாலே போதும். ரிம் விளிம்பில் ஏறக்குறைய 250 கிராம் கூடிவிட்டது போல ஆகிவிடும். ஆக, நான் சமன்படுத்தியது டயரை அல்ல. தவறாக உட்கார்ந்திருந்த சக்கரத்தை. ஆட்டம்தான் வண்டி கொடுத்த எச்சரிக்கை. அதை நான் ஈயத்தை வைத்து அமுக்கிவிட்டேன். நட்டுகள் மேலும் தளர்ந்து சக்கரம் வேறு பக்கம் நகர்ந்தபொழுது, நான் வைத்த 250 கிராமே புதிய கோளாறாகிவிட்டது.

இன்னொரு கணக்கும் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். 100 கிலோ சக்கரம் ஒன்று 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை விட்டுக் கழன்று ஓடினால், அதன் சுழற்சியைச் சேர்க்காமலேயே, அது சுமக்கும் ஆற்றல் ஒரு டன் எடையுள்ள சிறிய கார் 28 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்கு ஈடானது. அதற்குப் பிரேக் கிடையாது; ஓட்டுநரும் கிடையாது. எதிரே மோட்டார் சைக்கிளில் யார் வந்துகொண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. முன்சக்கரத்தை இழந்த லோரியில் என் மாமா இருப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால், அதற்கு முன்பே மாலையில் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. "மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லு" என்றார் அப்பா. நான் சொன்னேன். ஸ்பேனர் வைத்துப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன் என்று சொன்னேன். மாமா கோபக்காரர் அல்லர். அன்று கோபப்பட்டார். "வீட்டுல மூனு புள்ளைங்க இருக்குடா" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் ஒட்டுக்கடைப் பக்கம் நடந்து போனார். மூன்று நாள்கள் என்னோடு பேசவில்லை. ஐம்பது வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

அன்று அப்பா செய்த வேலையை நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரிம்மில் நட்டு உட்காரும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. "இது இனி எடைக்குப் போடத்தான்" என்று ஓரமாக உருட்டிவிட்டார். ஒரு ஸ்டட் உடைந்திருந்தாலும், தளர்ந்து ஓடியதில் மற்றவையும் களைத்திருக்கும் என்று எட்டையும் மாற்றினார். ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். டயரின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். வேறு ரிம்மில் டயரை மாட்டினார்; மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேராக. நட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்றை முறுக்கியதும் அதற்கு நேர் எதிரில் உள்ளதை, பிறகு குறுக்கே உள்ளதை என்று நட்சத்திரம் வரைவது போல மாற்றி மாற்றி, மூன்று சுற்றாக இறுக்கினார். கடைசிச் சுற்றுக்குக் கன்னை எடுக்கவில்லை. சுவரில் தொங்கிய அளவுகாட்டும் நீள ஸ்பேனரை எடுத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது கோட்டைத் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. 50 கிராம் ஈயம் வைத்துப் பார்த்தார். கனம் ஈயத்தின் பக்கமே சாய்ந்தது. எடுத்துவிட்டார். "இதுக்கு மேல வேணும்னா ஈப்போல மெஷின்ல போட்டுக்குங்க. ஆனா, தேவப்படாதுன்னு நெனைக்கிறேன்" என்றார். தேவைப்படவில்லை. மறுநாள் மாமா வெறும் வண்டியோடு நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்து, நட்டுகளை மறுபடியும் முறுக்கச் சொல்லிக் கடை முன் நின்றார். அப்பா ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். இடப்பக்கத்தில் எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று ஒரு கணம் எனக்கே குழம்பியது. அப்பா சிரித்துக்கொண்டே காட்டினார்.

நண்பர்களே, நம்மில் பலருடைய பெற்றோர் இப்படிப்பட்ட தொழில்களில் இருந்தவர்கள். நாம் படித்து மேலே வரும்பொழுது, அவர்களுக்குத் தெரிந்தது குறைவு என்றும் நமக்குத் தெரிந்தது அதிகம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். என் சூத்திரத்தில் தவறில்லை. இன்றைக்கும் அதே சூத்திரம்தான். 250 கிராமுக்கு 18 கிலோதான். ஆனால், எதைக் கணக்கிடுவதற்கு முன்னால் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற வரிசை அதில் இல்லை. அப்பாவிடம் அந்த வரிசை இருந்தது. நட்டு, பேரிங், ரிம், ஈயம். அந்த வரிசையை முப்பது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் குந்தி உட்கார்ந்து அவர் கற்றிருந்தார். அதை எனக்கு ஒரே மூச்சில் சொல்லியும் கொடுத்தார். நான்தான் தலையை ஆட்டிவிட்டு மறந்தேன்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரியாமல் தவறு செய்வது வேறு. செய்யாததைச் செய்தேன் என்பது வேறு. ஆய்வுக்கூடத்தில் எடுக்காத அளவை எடுத்ததாக எழுதுவதும், படிக்காத அறிக்கையில் கையெழுத்திடுவதும், 'பார்த்தேன்பா' என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லும் ஒரே இனம்தான். அவை முதலில் யாருக்கும் வலிக்காது. ஆட்டம்கூடக் குறைந்தது போலத் தெரியும். நான்கு நாள்கள் கழித்துத்தான் விரலுக்கே நட்டு சுழலும்.

நான் பட்டம் பெற்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பெரிய விசிறிகளும் பம்புகளும் என் பொறுப்பில் உள்ளன. அதிர்வைப் பதிவுசெய்து வரைபடமாகக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. அவை அழகாகக் கோடு வரைந்து, 'சமனின்மை' என்று சொல்லும். நான் என்னிடம் பணிபுரியும் இளைஞர்களை முதலில் அடித்தளப் போல்ட்டுகளில் ஸ்பேனர் வைத்துப் பார்க்க அனுப்புவேன். அவர்கள் திரும்பி வந்து 'பார்த்தோம்' என்றால், "கண்ணால பார்த்தீங்களா, கையால பார்த்தீங்களா?" என்று கேட்பது என் வழக்கம். என் பின்னால் அவர்கள் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியும்.

அப்பா வேலையை விட்டுவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. குந்தி உட்கார முடிவதில்லை. மாமாவும் லோரி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு நான் குடும்பத்தோடு காரில் ஊருக்குப் போய் இறங்கினால், மாமா வாசலுக்கு வந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். பிறகு என் கார்ச் சக்கரத்தைக் காலால் தட்டி, அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்பார்:

"என்ஜினியரு, நட்டு பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா" என்பேன். உண்மையாகவே பார்த்திருப்பேன். புறப்படுவதற்கு முன்பு, அடுக்குமாடி வீட்டின் கீழே, மனைவியும் பிள்ளைகளும் காத்திருக்க, ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக.

2005இல் அந்த விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியபொழுது, கல்விக்கடன் தொடர்பாக மீண்டும் ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. அதிலும் அதே கட்டம் இருந்தது. இந்த முறை பேனா நிற்கவில்லை. 'லோரி டயர் பொருத்துநர், 30 ஆண்டு அனுபவம்' என்று எழுதினேன். அனுபவத்தை அந்தப் பாரம் கேட்கவில்லை. கட்டமும் போதவில்லை. ஓரத்தில் இடம் இருந்தது, அதில் எழுதினேன்.